பலகையில் இருக்கும் பெயர் உங்களுடையதுதானா?

"ஜிஎஸ்டி சான்றிதழ் இருக்கு, ஃபுட் லைசென்ஸ் இருக்கு. அப்புறம் எப்படி சார் அவன் என் பெயரிலேயே மசாலா விற்கலாம்?" இதே கேள்வியோடு வருகிறவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது. ஒன்று வரிக்கான பதிவு, மற்றது உணவு விற்க அனுமதி. பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை இரண்டுமே சொல்லாது. கம்பெனிப் பதிவும் சொல்லாது. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி பெயரைத் தனியாகப் பதிய வேண்டும். நமக்கான டிரேட் மார்க் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

விண்ணப்பம் டிஎம்-ஏ படிவத்தில். ஆன்லைனில் போட்டால் தனிநபருக்கும் உத்யம் சான்றிதழ் வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. மசாலாப் பொடி 30-ஆம் வகுப்பு, ஊறுகாயும் சமையல் எண்ணெயும் 29.

இந்தப் படிவத்தில் பெயர் எந்தத் தேதியிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது என்று ஒரு கேள்வி வரும். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இருபது வருடமாக நடக்கும் கடைக்கு, 'இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்' என்று குறித்துவிடுகிறார்கள். பழைய தேதி போட்டால் பிரமாணப் பத்திரமும் பில்களும் இணைக்க வேண்டுமே என்ற சோம்பல். நாளை நீதிமன்றத்தில் எதிராளி முதலில் எடுத்து நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான்.

தேதியின் மதிப்பைத் திருநெல்வேலி வழக்கு காட்டும். 'இருட்டுக்கடை அல்வா'வுக்குப் போட்டியாக 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்று விற்றவர், தன்னிடமும் பதிவு இருக்கிறது என்று வாதாடினார். 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முன்பிருந்தே பெயரைப் பயன்படுத்தி வந்தவரின் உரிமை பதிவைவிட மேலானது என்றது. தன் சரக்கை அடுத்தவர் சரக்கு போலக் காட்டி விற்பவர்மீது, பதிவே இல்லாதவரும் வழக்குப் போடலாம். ஆனால் பழைய புழக்கத்தை நிரூபிக்க வேண்டும். பில் புத்தகத்தை, லேபிள் அச்சடித்த ரசீதை, விளம்பர நறுக்கைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.

விண்ணப்பித்ததும் வேலை முடிந்ததாக நினைப்பது அடுத்த தவறு. அலுவலகத்திலிருந்து ஆய்வறிக்கை வந்தால் ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும். டிரேட் மார்க் இதழில் விண்ணப்பம் வெளியான பிறகு நான்கு மாதம் வரை யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு நோட்டீஸ் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் பதிலுரை போடாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். இந்தக் கடிதங்களெல்லாம் பெரும்பாலும் உங்களுக்காக விண்ணப்பம் போட்ட ஏஜென்டின் மின்னஞ்சலுக்குத்தான், சட்ட ஆங்கிலத்தில் போகும். சாதாரண வியாபாரிக்குப் புரிய வேண்டுமே என்ற கவலை அந்தக் கடிதங்களில் துளியும் இராது. ஆகவே விண்ணப்ப எண்ணை நீங்களே வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை இணையத்தில் நிலையைப் பாருங்கள். ஏஜென்டை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

உங்கள் பெயரை வேறொருவர் விண்ணப்பித்து அது இதழில் வந்துவிட்டால், அதே நான்கு மாதத்துக்குள் டிஎம்-ஓ படிவத்தில் எதிர்ப்பைப் பதியுங்கள். ஏற்கெனவே பதிவு பெற்றவர், தன் தொழில் நடக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டு இடைக்காலத் தடை கேட்கலாம். 'தெரிஞ்ச பையன், பொழைச்சுப் போகட்டும்' என்று விடாதீர்கள். அவர் நேர்மையாகப் பதிவு வாங்கிய பெயரைப் பயன்படுத்துவது தெரிந்தும் தொடர்ந்து ஐந்து ஆண்டு பேசாமல் இருந்தால், அந்தப் பதிவை எதிர்க்கும் உரிமை உங்களுக்குப் போய்விடும்.

பதிவின் ஆயுள் பத்தாண்டு. பிறகு புதுப்பிக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், பரணில் கிடக்கும் பில் மூட்டையை இறக்கி முதல் லேபிளின் ரசீதைத் தேடுங்கள்.