வெறுங்கால் ஓட்டம்... வலிக்குதா பாஸ்?

'ஷூ இல்லாட்டி என்ன... வெறுங்காலோடயே ஓடிட்டாப் போச்சு!'னு காலேஜ் கிரவுண்டுல இறங்குற ஆளா நீங்க? போலீஸ் செலக்‌ஷனுக்காக விடியக்காலையில ஓடுறீங்களா? சபாஷ்! 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் ஜெயித்த எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா உங்க கட்சிதான். ஆனா, அவர் அதுக்கு முன்னாடியே வெறுங்காலில் ஓடிப் பழகினவர். நாம? முதல் நாளே நாலு ரவுண்டு. மறுநாள் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஹாஸ்டல் படி இறங்குவோம்!

ஏன் இந்த வலி? ஷூ போட்டு ஓடுறப்போ பெரும்பாலானவங்க குதிகாலைத்தான் முதலில் ஊன்றுவாங்க. வெறுங்காலில் ஓடிப் பழகினவங்க பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுறாங்க; தரையில் மோதுற அதிர்ச்சியும் குறையுதுன்னு ஹார்வர்டின் டேனியல் லிபர்மேன் குழு 2010-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது. நல்லதுதானே? அங்கேதான் ட்விஸ்ட். அந்தச் சுமை இப்போ கெண்டைக்கால் சதைக்கும், குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாருக்கும், பாத எலும்புகளுக்கும் போகுது. சதை சீக்கிரம் பழகிடும். தசைநாரும் எலும்பும் பழக மாசக்கணக்கில் ஆகும்.

அதனால, எல்லா வலியும் ஒண்ணு இல்லைங்க. பிரிச்சுப் பார்க்கணும்.

கெண்டைக்கால் பிடிப்பு: ரெண்டு காலிலும் ஒரே மாதிரி, ஓடின மறுநாள் வந்து மூணு நாலு நாளில் போனா பயமில்லை. நடங்க, அது போறவரை ஓடாதீங்க.

உள்ளங்கால் எரிச்சல், கொப்புளம்: பாதம் தரையில் தேயுதுன்னு அர்த்தம். எட்டைச் சின்னதாக்கி, பாதத்தை உடம்புக்கு நேர் கீழே வைங்க. 'தொப் தொப்'னு சத்தம் கேட்கக் கூடாது. எரிய ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க. கொப்புளத்தோட தோலை உரிக்காதீங்க.

பாதத்தின் மேல்பக்க வலி: இதுதான் வில்லன். ஒரே இடத்தை விரலால் அழுத்தினா சுள்ளுனு வலிக்குதா? வீக்கம் இருக்கா? சும்மா உட்கார்ந்திருந்தாலும் வலிக்குதா? எலும்பில் மயிரிழைக் கீறலா இருக்கலாம். உடனே ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. முதல் ரெண்டு மூணு வாரத்துக்கு எக்ஸ்ரேயில்கூட இது தெரியாமப் போகலாம். அதனால, 'எக்ஸ்ரே நார்மல்'னு குதிச்சுக்கிட்டு ஓடாதீங்க. வலி இருந்தா மறுபடி போங்க. வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஓடுறது, அலாரத்தை அணைச்சுட்டு தீயை விட்டுவைக்கிற மாதிரி!

ஆரம்பிக்கிறது எப்படி? முதல் வாரம் வெறுங்கால் நடை மட்டும். அப்புறம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து நிமிட ஓட்டம். வலி இல்லைன்னா மட்டும் வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்க. கண்ணாடித் துண்டு, நெருஞ்சி முள் இருக்கான்னு கிரவுண்டை ஒரு சுத்து நடந்து பார்த்துடுங்க. மதிய வெயிலில் தார் ரோடு... வேண்டவே வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போறவங்களுக்கு இந்த விளையாட்டே கூடாது.

முக்கியமா ஒண்ணு. செலக்‌ஷனுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கா? இப்போ வெறுங்காலுக்கு மாறாதீங்க. பழகின ஷூவிலேயே ஓடுங்க. வேலை கைக்கு வர்ற நேரத்துல காலை உடைச்சுக்கணுமா என்ன?

அந்த பிகிலாவே 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஷூ போட்டு ஓடி, மறுபடி தங்கம் தட்டினார். ஷூவா, வெறுங்காலாங்கிறது கௌரவப் பிரச்னை இல்லை பாஸ்... உங்க கால் என்ன சொல்லுதுங்கிறதுதான் மேட்டர்!