அம்மாவின் முகத்துக்கு ஏற்ற லென்ஸ் எது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் வேலை ஒன்று உண்டு. வீட்டு போட்டோக்களை உள்ளே ஏற்றி, ஏதாவது ஒரு போட்டோ சாப்ட்வேரில் திறந்து, முகங்களை மழமழவென்று ஆக்கிப் பார்ப்பது. நானும் செய்தேன். செல்போனில் எடுத்த அம்மாவின் படத்தை ஜிம்ப் சாப்ட்வேரில் திறந்து, 'காஸியன் பிளர்' கட்டளையைக் கொடுத்து, சுருக்கங்களை எல்லாம் மறைத்துக் காட்டினேன். அம்மாவுக்கு வயது 84.

"இது யாருடா? மெழுகு பொம்மை மாதிரி இருக்கு. உங்கப்பா எடுத்த படத்துல முகம் மெத்துனு இருக்கும். ஆனா அது என் முகமா இருக்கும்" என்றார்.

அப்பா செங்கல்பட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவருடைய தேக்கு மரக் கேமரா மறைமலை நகரில் எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது. வாகீஸ்வரி என்று பெயர். கேரளாவில் ஆலப்புழையில் செய்தது. 1940களில் தொடங்கி தென்னிந்திய ஸ்டூடியோக்கள் பலவற்றில் இந்தக் கேமராதான் நின்றது. உள்ளங்கையைவிடப் பெரிய பிலிமில் படம் எடுக்கும் இந்த வகையைத்தான் லார்ஜ் பார்மட் என்கிறோம். கேமரா இருந்தது, லென்ஸ் இல்லை. ஸ்டூடியோவை மூடியபோது அந்தப் பித்தளை லென்ஸை மட்டும் யாருக்கோ விற்றுவிட்டார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

கம்ப்யூட்டரால் ஏன் முடியவில்லை?

மென்மையான படம் தரும் லென்ஸை 'சாப்ட் போகஸ்' லென்ஸ் என்பார்கள். இது போகஸ் தவறிய படம் அல்ல. லென்ஸின் நடுப்பகுதி வழியாக வரும் ஒளி ஓரிடத்தில் குவியும். ஓரத்தின் வழியாக வரும் ஒளி சற்று முன்னதாகவே குவிந்துவிடும். அதனால் கூர்மையான ஒரு படமும், அதன் மேல் பனிமூட்டம் போல இன்னொரு படமும் சேர்ந்தே விழும். கண்ணிமை முடி தெரியும், சுருக்கமும் தெரியும், ஆனால் உறுத்தாது.

ஜிம்பிலும் இதற்கு ஒரு வழி உண்டு. லேயரை டூப்ளிகேட் செய்து, மேல் லேயருக்கு மட்டும் காஸியன் பிளர் கொடுத்து, மோடை 'ஸ்கிரீன்' என்று மாற்றி, ஒபாசிட்டியை 40க்குக் குறைத்துப் பாருங்கள். கல்யாணப் படங்களுக்கு இது போதும். நான் முதலில் செய்த வெறும் பிளரைவிட எவ்வளவோ தேவலாம்.

ஆனால் இரண்டு இடங்களில் குட்டு வெளிப்பட்டுவிடும். முதலாவது, பளபளப்பு. சாதாரண ஜேபெக் பைலில் ஒரு புள்ளியின் வெளிச்சம் 0 முதல் 255 வரைதான். மூக்குத்திக் கல்லும் 255, வெள்ளைச் சுவரும் 255 என்றால் கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். லென்ஸிலோ, ஒளி பதிவாவதற்கு முன்பே பரவுகிறது. கல்லின் ஒளி சுவரின் ஒளியைவிடப் பல மடங்கு என்பது அதற்குத் தெரியும். அதனால்தான் பழைய படங்களில் மூக்குத்தியைச் சுற்றி அப்படி ஓர் ஒளிவட்டம். இரண்டாவது, தூரம். மூக்கு முன்னால் இருக்கிறது, காது பின்னால் இருக்கிறது என்பது தட்டையான பைலுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே அளவு மங்கலாக்கும்.

எந்த லென்ஸ்?

பெரிய பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரத்து ஊலன்சாக் கம்பெனியின் வெரிட்டோ. ஹென்ரிக் கூன் என்ற புகைப்படக் கலைஞரின் யோசனையிலிருந்து பிறந்து, 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ரோடன்ஸ்டாக் விற்பனைக்குக் கொண்டுவந்த இமாகான். ஜப்பானின் பியூஜினான் எஸ்.எப்.; 2000களில் இங்கிலாந்தின் குக் கம்பெனி பழைய லென்ஸ் ஒன்றை மாதிரியாக வைத்துச் செய்த பி.எஸ். 945. இமாகானுக்கும் பியூஜினானுக்கும் சல்லடை போல ஓட்டை போட்ட தகடுகள் உண்டு. நடு ஓட்டை கூர்மையைத் தரும், சுற்றியுள்ள சிறு ஓட்டைகள் மூட்டத்தைத் தரும்.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் பெயரைப் பார்ப்பதற்கு முன் டார்ச் விளக்கை எடுங்கள். சென்னையில் ஒருவர் எனக்குக் காட்டிய லென்ஸ் வெளியே தங்கம் போல இருந்தது. டார்ச் அடித்தால் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் பீரோவில் பூட்டி வைத்த லென்ஸுக்கு வரும் வியாதி இது. பூஞ்சையும் மென்மை தரும்தானே என்று அவர் வாதாடினார்! கிளம்பி வந்துவிட்டேன்.

அடுத்தது குவிதூரம். பிலிமின் மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் முகம் இயல்பாக வரும். நான் பயன்படுத்தும் ஹாப் பிளேட் அளவு 4¾ x 6½ அங்குலம். மூலைவிட்டம் சுமார் 200 மி.மீ. ஆக, 300 மி.மீ.க்குப் பக்கத்தில் வேண்டும். குறைந்த குவிதூர லென்ஸ் என்றால் கேமராவை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும், மூக்கு பெரிதாகிவிடும். மூன்றாவது, துளை. எந்த சாப்ட் போகஸ் லென்ஸும் அகலத் திறந்தால்தான் மென்மை. 11, 16 என்று மூடினால் சாதாரண லென்ஸ் போலக் கூர்மையாகிவிடும். அதற்கா அவ்வளவு காசு?

நான் வாங்கியது ஒரு மூக்குக் கண்ணாடி லென்ஸ். கேலி இல்லை. கண்ணாடிக் கடையில் எழுதித் தரும் 'பவர்' என்பது குவிதூரத்தின் மறுபக்கம்தான். 1000ஐப் பவரால் வகுத்தால் மில்லிமீட்டரில் குவிதூரம் வரும். +3 பவர் என்றால் 333 மி.மீ. ஜி.எஸ்.டி. சாலைக் கண்ணாடிக் கடையில் வெட்டாத +3 லென்ஸ் கேட்டேன்.

"பிரேம் எங்கே சார்?"

"பிரேம் வேண்டாம். வட்டமாவே குடுங்க."

சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

75 மி.மீ. பிவிசி பைப் துண்டின் உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்து, குழிந்த பக்கம் அம்மாவைப் பார்க்கும்படி லென்ஸை வைத்து, அதற்கு முன்னால் கறுப்பு அட்டையில் வட்ட ஓட்டை. 60 மி.மீ. ஓட்டை என்றால் எப் 5.6. 42 மி.மீ. என்றால் எப் 8. ஷட்டர் கிடையாது, மூடியைக் கழற்றி 'ஒன்று' எண்ணி மாட்ட வேண்டியதுதான். பிலிமுக்குப் பதில் போட்டோ பிரிண்ட் போடும் பேப்பரையே கேமராவில் வைத்தேன். விலை குறைவு, சிவப்பு விளக்கில் குளியலறையிலேயே கழுவலாம்.

முதல் நாள் மூன்று பேப்பரும் பாழ். அம்மாவின் கண்ணில்தான் போகஸ் செய்தேன். படத்தில் கண்கள் கரைந்து போயிருந்தன. மடியில் வைத்திருந்த கைகள் நரம்பு தெரியும் அளவுக்குக் கூர்மை. நடுங்கும் கால்களோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்து கொடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது?

காரணம் அன்றிரவு புரிந்தது. ஒற்றைக் கண்ணாடியில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு தூரத்தில் குவியும். நம் கண் பார்ப்பது பெரும்பாலும் மஞ்சள், பச்சை ஒளியை. பேப்பருக்குத் தெரிந்தது நீல ஒளி. அது பேப்பருக்குச் சில மில்லிமீட்டர் முன்னதாகவே குவிந்துவிடுகிறது. 1860களில் ஜூலியா மார்கரெட் காமரன் பயன்படுத்திய கண்ணாடித் தகடுகளும் நீலத்தை மட்டுமே அறிந்தவை. மங்கலாக எடுக்கிறார் என்று அவரைத் திட்டியவர்கள் அந்த நாளில் நிறைய. 1875ல் இலங்கைக்குக் குடிவந்து, அங்குள்ள மக்களையும் படமெடுத்து, 1879ல் அங்கேயே இறந்தார். இன்று அவர் படங்கள் மியூசியத்தில்.

மறுவாரம் கண்ணில் போகஸ் செய்த பிறகு, கேமராவின் பின்பக்கத்தை லென்ஸை நோக்கி 7 மி.மீ. நகர்த்தினேன். ஸ்கேலை வைத்து அளந்துதான். அம்மா ஒரு வினாடி மூச்சை அடக்கினார்.

ஸ்கேனரில் கவனிக்க வேண்டியது

கழுவிக் காயவைத்த பேப்பர் நெகட்டிவை வீட்டு ஸ்கேனரிலேயே ஏற்றலாம். 600 டிபிஐ போதும். ஹாப் பிளேட்டுக்கு 2850 x 3900 புள்ளிகள், அதாவது 11 மெகாபிக்சல் கிடைக்கும். கிரேஸ்கேலில் 16 பிட் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 255 படிகளுக்குப் பதில் 65,535. முக்கியமாக, ஸ்கேனர் சாப்ட்வேரில் 'அன்ஷார்ப் மாஸ்க்' என்று ஒரு டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் கொடுத்த மென்மையை ஸ்கேனர் சுரண்டி எடுத்துவிடும். நான் இரண்டு நாள் லென்ஸைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஜிம்பில் 'கலர்ஸ்' மெனுவில் 'இன்வர்ட்'. கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். அம்மாவின் முகம் மானிட்டரில் வந்தது. கண் இமை, நெற்றிக் கோடுகள், மூக்குத்தியைச் சுற்றி ஒளி, எல்லாம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மூக்குத்தி ஏன்டா அந்தப் பக்கம் போச்சு?"

பேப்பர் நெகட்டிவில் இடம் வலம் மாறியிருக்கும் என்பதை மறந்துவிட்டேன். 'இமேஜ்' மெனுவில் 'டிரான்ஸ்பார்ம்', அதில் 'பிளிப் ஹாரிசாண்டலி'. ஒரு கிளிக். மூக்குத்தி வலப்பக்கம் வந்தது. "ம்... இப்ப பிரிண்ட் போடு" என்றார்.