கிட்டார் பழக செல்போன் 'கணக்குப்பிள்ளை'!
தினமும் 20 நிமிஷம் போதும்

ஆசை ஆசையாக கிட்டார் வாங்குகிறார்கள். முதல் வாரம் வீடே அதிரும். இரண்டாவது வாரம் விரல் நுனி வலிக்கும். மூன்றாவது வாரம்...? கிட்டார் பீரோ மேல் ஏறிவிடும்!

இது நம்ம ஊர்க் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவிலும் இதே கதைதான். புதிதாக வாங்குகிறவர்களில் 10-க்கு 9 பேர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று, கிட்டாருக்குப் பேர்போன ஃபெண்டர் கம்பெனியின் தலைவராக இருந்த ஆண்டி மூனியே சொன்னார். 2017-ல் அந்தக் கம்பெனி, செல்போனிலேயே பாடம் சொல்லித்தரும் 'ஃபெண்டர் பிளே' ஆப்பை இறக்கியது.

ஆபீஸ் விட்டு, மின்சார ரெயிலில் இடிபட்டு வீடு வந்தால் ராத்திரி 8 மணி. அதற்கு மேல் எதை வாசிப்பது, எவ்வளவு நேரம் வாசிப்பது? இந்தக் குழப்பத்திலேயே பொழுது போய்விடும். இங்கேதான் செல்போன் கை கொடுக்கிறது.

20 நிமிஷக் கணக்கு

அலாரம் அடித்ததும் உட்கார வேண்டும். முதல் 2 நிமிஷம் சுருதி. 'கிட்டார் டியூனா' போன்ற ஆப்பைத் திறந்து தந்தியை மீட்டினால், ஏற்ற வேண்டுமா, இறக்க வேண்டுமா என்று காட்டிவிடும். 6 தந்திக்கும் இப்படியே.

அடுத்த 5 நிமிஷம் விரல் பயிற்சி. பிறகு 8 நிமிஷம் 'ஜி' கார்டிலிருந்து 'சி' கார்டுக்கு விரல் மாற்றுவது. மெட்ரோனோம் ஆப்பில் நிமிஷத்துக்கு 60 தட்டு. தடுமாறாமல் வந்தால் 64. தப்பினால் மறுபடி 60! கடைசி 5 நிமிஷம் பிடித்த பாட்டு.

எழுந்திருக்கும் முன் இன்றைய வேகத்தை செல்போனில் குறித்துக்கொண்டால், நாளைக்கு எங்கே தொடங்குவது என்று முழிக்க வேண்டாம்.

உஷார்!

பல ஆப்கள் தொடர்ந்து எத்தனை நாள் பழகினோம் என்று எண்ணும். ஒரு நாள் தவறினால் சைபர்! அதற்காக மனசு விட வேண்டாம். நேற்று தடுமாறிய இடம் இன்று சரியாக வந்ததா? அதுதான் கணக்கு.

மணிக்கட்டு கோணலாக மடங்கியிருப்பது மெட்ரோனோமுக்குத் தெரியாது. அதைத் திருத்த வாத்தியார்தான் வேண்டும். வாரம் ஒரு நாள் அவரிடம் காட்டுவது நல்லது. பயிற்சி நடுவே வாட்ஸ்அப் 'டிங்' என்றால் 20 நிமிஷமும் அம்பேல்! 'ஏரோபிளேன் மோடு' போட்டுவிடுங்கள்.

அலாரம், சுருதி, தாளம் மூன்றும் ஓசியிலேயே கிடைக்கின்றன. காசு கேட்கும் ஆப்புக்கு உடனே பணம் கட்ட வேண்டாம். 30 நாள் உட்கார முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பர்ஸைத் திறக்கலாம்!