மடிந்த காதும் நோயுற்ற எலும்பும்

வீட்டு விலங்குகளில் இன்று காணப்படும் தனித்தனி இனங்கள், மனிதன் தனக்கு வேண்டிய பண்புகளைக் கொண்ட ஆணையும் பெண்ணையும் தலைமுறைதோறும் தேர்ந்து இணைசேர்த்ததால் உருவானவை. வேட்டைக்கு விரைவு, மந்தையைக் காக்கத் துணிவு, குளிரைத் தாங்க அடர்ந்த மயிர் என்று பயன் கருதி நடந்துவந்த இத்தேர்வு, இங்கிலாந்தில் 1859-இல் நாய்க் கண்காட்சியும் 1871-இல் பெரிய அளவிலான பூனைக் கண்காட்சியும் தொடங்கிய பின்னர், தோற்றத்தையே முதன்மையாகக் கருதும் போக்கிற்கு மாறியது. அப்போக்கில் பெரிதும் நாடப்பட்டவை சடுதிமாற்றங்கள், அதாவது உடலின் அமைப்பைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் தற்செயலாக நேர்ந்து, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் மாற்றங்கள். அவற்றுள் பல தீங்கற்றவை. ஆனால் ஒரு மாற்றம் விலங்குக்கு நோயாகவும் மனிதனின் கண்ணுக்கு அழகாகவும் அமைந்துவிட்டால், அதை வேண்டுமென்றே பெருக்குவது அறமாகுமா என்ற கேள்வி எழுகிறது.

ஸ்காட்டிஷ் ஃபோல்டு என்னும் பூனையினத்தின் வரலாறு இக்கேள்வியை மிகத் தெளிவாக நம்முன் வைக்கிறது. 1961-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியிலிருந்த பண்ணை ஒன்றில் வாழ்ந்த சூசி என்ற வெள்ளைப் பூனையின் காதுகள் முன்னோக்கி மடிந்திருப்பதை வில்லியம் ராஸ் என்ற ஆட்டிடையர் கண்டார். சூசி ஈன்ற குட்டிகளுள் சிலவற்றுக்கும் அத்தகைய காதுகள் அமையவே, அவற்றுள் ஒன்றைப் பெற்று, அதிலிருந்து புதிய இனம் ஒன்றை உருவாக்கும் முயற்சியில் அவரும் அவர் மனைவியும் இறங்கினர். இன்று உலகெங்கும் உள்ள ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனைகள் அனைத்தும் சூசியின் வழிவந்தவையே. உடல்நலக் குறைபாடுகள் தெரியவந்ததும் பிரிட்டனின் முதன்மையான பூனைப் பதிவு அமைப்பு 1970-களின் தொடக்கத்திலேயே இவ்வினத்தைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. ஆயினும் அமெரிக்காவில் அதற்கு ஏற்பு கிடைத்ததால், அங்கிருந்து அது பல நாடுகளுக்கும் பரவியது.

இப்பூனைகள் பிறக்கும்போது காதுகள் நேராகவே இருக்கின்றன. மூன்று, நான்கு வாரங்கள் கழித்தே அவை மடியத் தொடங்குகின்றன. காதை நிமிர்த்தி நிறுத்தும் குருத்தெலும்பு உறுதியாக வளராததே இம்மடிப்புக்குக் காரணம். குருத்தெலும்போ காதில் மட்டும் இருப்பதன்று. மூட்டுகளில் எலும்புகளின் முனைகளைப் போர்த்தியிருப்பதும், வளரும் குட்டியின் எலும்புகள் நீள்வதற்கு அடிப்படையாக இருப்பதும் அதுவே. எனவே காதை மடிக்கும் அதே குறைபாடு கால்களையும் வாலையும் தாக்குகிறது. இதனை மருத்துவர்கள் எலும்பு-குருத்தெலும்பு வளர்ச்சிக் கோளாறு என்று வகைப்படுத்துகின்றனர். கால் எலும்புகள் குட்டையாகித் தடிக்கின்றன, கணுக்கால் பகுதியில் புதிய எலும்புத் திரள்கள் தோன்றி மூட்டுகள் இறுகுகின்றன, வாலின் அடிப்பகுதி விறைக்கிறது. டி.ஆர்.பி.வி.4 என்னும் மரபணுவில் நேர்ந்த ஒரேயொரு மாற்றமே இவை அனைத்துக்கும் மூலம் என்று 2016-இல் கண்டறியப்பட்டது. இதே மரபணுவில் வேறு மாற்றங்கள் நேர்ந்தால் மனிதருக்கும் எலும்பு வளர்ச்சிக் கோளாறுகள் உண்டாகின்றன.

இம்மாற்றம் ஓங்குதன்மை உடையது. தாய், தந்தை ஆகிய இருவருள் ஒருவரிடமிருந்து அதன் ஒரு பிரதி வந்து சேர்ந்தாலே காது மடிந்துவிடும். இரு பிரதிகளைப் பெறும் குட்டிகள் மிக இளம் வயதிலேயே கடுமையாக முடங்குவதைக் கண்ட வளர்ப்பாளர்கள், மடிந்த காதுடைய பூனையை நேரான காதுடைய பூனையுடன் மட்டுமே இணைசேர்ப்பது என்ற விதியை வகுத்துக்கொண்டு, அதனால் நோய் தவிர்க்கப்படும் என்று நம்பினர். ஆனால் ஒரு பிரதி மட்டுமே உடைய பூனைகளுக்கும் இந்நோய் உண்டு என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1999-இல் எடுத்துக்காட்டினர். அந்த விதியால் நோயின் கடுமையும் அது தொடங்கும் வயதும் மாறுமே தவிர, நோய் அகலாது. வலியைத் தணிக்க மருந்துகள் உள்ளன. நோயைக் குணப்படுத்தும் வழி இல்லை.

பூனை தன் வலியை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. உயரத்தில் தாவத் தயங்குவதையும் அதிகம் அசையாமல் கிடப்பதையும் அதன் சாந்த குணமென்று உரிமையாளர்கள் எண்ணிவிடுகின்றனர். பின்னங்கால்களை முன்னே நீட்டி மனிதரைப் போல் அமர்ந்திருக்கும் இவ்வினப் பூனைகளின் படங்கள் சமூக ஊடகங்களில் பெரிதும் விரும்பிப் பகிரப்படுகின்றன. அந்த அமர்வு மூட்டு வலியைக் குறைக்கும் முயற்சியாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர்.

ஓர் இனத்தில் நோய் இருப்பதும் நோயே ஓர் இனமாக இருப்பதும் வெவ்வேறு நிலைகள் என்பதற்கு டால்மேஷன் நாய் நல்ல சான்று. தூய டால்மேஷன்கள் அனைத்திலும் யூரிக் அமிலத்தை மிகுதியாக வெளியேற்றும் மரபணுக் குறை இருப்பதால், அவற்றுக்குச் சிறுநீர்ப்பையில் கற்கள் தோன்றும் வாய்ப்பு அதிகம். இதைக் களைய எண்ணிய மரபியலாளர் ராபர்ட் ஷைபிள், 1973-இல் ஒரு டால்மேஷனை பாயின்டர் இன நாயுடன் கலந்து, அதன் சந்ததியைத் தலைமுறைதோறும் டால்மேஷன்களுடனேயே இணைசேர்த்து, புள்ளிகள் மாறாமல் குறையை மட்டும் நீக்கிக் காட்டினார். தூய்மை கெடும் என்று அஞ்சியவர்களின் எதிர்ப்பால், அந்நாய்களின் வழித்தோன்றல்களை அமெரிக்கப் பதிவு அமைப்பு ஏற்றுக்கொள்ள 2011 வரை காத்திருக்க நேர்ந்தது. டால்மேஷனுக்குக் கிடைத்த இத்தீர்வு ஸ்காட்டிஷ் ஃபோல்டுக்குக் கிடைக்க வழியில்லை. நோயை நீக்கினால் காது நிமிர்ந்துவிடும், காது நிமிர்ந்தால் அந்த இனமே இல்லை.

சட்டங்கள் இவ்வேறுபாட்டை மெல்ல உணர்ந்து வருகின்றன. விலங்கின் நலத்தைக் கெடுக்கும் இனப்பெருக்கத்துக்கு எதிராக, 1987-ஆம் ஆண்டின் ஐரோப்பியச் செல்லப்பிராணிகள் பாதுகாப்பு உடன்படிக்கை நெறி வகுத்தது. நெதர்லாந்து 2014-இல் இத்தகைய இனப்பெருக்கத்தைத் தடை செய்ததோடு, 2026-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து புதிதாகப் பிறக்கும் மடிந்த காதுப் பூனைகளை வைத்திருப்பதையும் தடை செய்துள்ளது. நார்வேயின் உச்ச நீதிமன்றம், மூளைக்குப் போதாத சிறிய மண்டையோடும் இதய நோயும் பரவலாக உள்ள கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் நாய்களை அவற்றுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2023-இல் தீர்ப்பளித்தது. பிற இனங்களுடன் முறையாகக் கலந்து நலத்தை மீட்கும் வழியை அத்தீர்ப்பு அடைக்கவில்லை. இந்தியாவில் நாய் இனப்பெருக்கத்தையும் விற்பனையையும் நெறிப்படுத்த 2017-இல் வந்த விதிகள் பூனைகளுக்குப் பொருந்துவதில்லை.

நோய்க்குறிகள் பெரிதாகத் தெரியாமலே வாழும் ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனைகளும் உண்டு என்றும், அவை அன்போடு வளர்க்கப்படுகின்றன என்றும் இவ்வினத்தை ஆதரிப்போர் வாதிடுகின்றனர். பிறந்துவிட்ட பூனைக்கு அன்பும் மருத்துவமும் அளிப்பது கடமையே. ஆனால் எந்தக் குட்டி எவ்வளவு துன்புறும் என்று முன்கூட்டியே கணிக்க இயலாத நிலையில், அக்குட்டிக்கு எவ்வகையிலும் பயன்படாத ஒரு காது மடிப்புக்காக அதன் மூட்டுகளைப் பணயம் வைக்க மனிதனுக்கு உரிமை இல்லை.

இத்துன்பத்தை நிறுத்துவது கடினமும் அன்று. ஓங்குதன்மை உடைய மாற்றம் மறைந்திருந்து கடத்தப்படுவதில்லை என்பதால், ஒரே ஈற்றில் பிறந்த நேர்க்காதுக் குட்டிகள் அந்த மாற்றத்தைச் சுமப்பதில்லை. மடிந்த காதுடைய பூனைகளை இனி இணைசேர்ப்பதில்லை என்று வளர்ப்பாளர்களும், அத்தகைய குட்டிகளை வாங்குவதில்லை என்று வாங்குவோரும் உறுதி கொண்டால், இந்நோய் ஒரே தலைமுறையில் இல்லாமல் போகும்.