செட்டில்மென்ட் பணமும் பிள்ளையின் உதவித்தொகையும்

கம்பத்தில் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் அப்பாவுக்கு 58 வயதாகும்போது, கடைசிப் பிள்ளை கல்லூரிக்குள் கால் வைத்திருக்கும். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று செட்டில்மென்ட் பணம் கைக்கு வரும் அதே ஆண்டில் வருமானச் சான்றிதழும் எடுக்க வேண்டும். சிக்கல் இங்கேதான்.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள்கூலி 450 ரூபாய், 30 ஆண்டு வேலை என்றால், ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் கிராஜுவிட்டி 2,02,500 ரூபாய். அம்மா இன்னும் மலையேறுகிறார். 250 நாள் வேலைக்கு 1,12,500. அப்பாவின் பி.எஃப். பென்ஷன் மாதம் 3,000 என்றால் ஆண்டுக்கு 36,000. இந்த இரண்டும் சேர்ந்து 1,48,500 தான். கிராஜுவிட்டியையும் சேர்த்து எழுதினால் 3,51,000! ஒரே வரியில் பிள்ளையின் உதவித்தொகை போய்விடும்.

வாழ்நாள் உழைப்புக்கு ஒருமுறை வரும் தொகையை ஆண்டு வருமானமாக எழுதுவது நியாயமே இல்லை. ஆனால் மாதப் பென்ஷன் வருமானம்தான். செட்டில்மென்ட் பணத்தை வங்கியில் போட்டால் வரும் வட்டியும் அப்படியே.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது பென்ஷன் ஆணை, வங்கிப் பாஸ்புக், தோட்டத்தில் கொடுத்த செட்டில்மென்ட் கணக்கு மூன்றையும் கொண்டுபோங்கள். எது மாதாமாதம் வருவது, எது ஒரேமுறை வந்தது என்று வி.ஏ.ஓ.விடம் எழுத்திலேயே கொடுங்கள். வேலையில் இருந்தபோது எடுத்த பழைய சான்றிதழை நீட்டாதீர்கள். நின்றுபோன கூலி அதில் இருக்கும். பென்ஷனை மறைக்கவும் வேண்டாம். பொய்த் தகவல் தெரிந்தால் உதவித்தொகை ரத்தாகும், வாங்கியதையும் திருப்பிக் கட்ட நேரும்.

சான்றிதழில் வருமானத் தொகை தவறாக விழுந்தால் உத்தமபாளையம் தாசில்தாரிடம் மனு கொடுங்கள். அங்கே தீராவிட்டால் கோட்டாட்சியர் இருக்கிறார். திங்கள்தோறும் தேனி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டமும் உண்டு. மனு நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

வருமானமே கேட்காத உதவிகளும் இருக்கின்றன. கவுன்சிலிங்கில் தொழிற்படிப்பு சேர்பவருக்கு முதல் பட்டதாரிச் சலுகை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன். செட்டில்மென்ட் எவ்வளவு வந்திருந்தாலும் இவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்.