ஈரம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

தம்பி, டீயைக் குடித்துக்கொண்டே கேள். நீ கேட்டது இரண்டு கேள்வி. ராஜபாளையத்து மில்லில் நீங்கள் மாட்டப்போகும் காற்றழுத்தப் பனித்தூவலை எப்படித் திட்டமிடுவது என்பது ஒன்று. அதையே இங்கே கடலோரக் காரங்காட்டில், படகுச் சவாரிக்கு வருகிறவர்கள் உட்காரும் கொட்டகையில் குளிர்ச்சிக்காகப் போடலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

நம் வீட்டு உப்பு ஜாடி ஏன் கசிகிறது? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்விடத் தொடங்கும். கடலோரத்தில் அந்த அளவு சாதாரணம். வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள். எவ்வளவு தூவினாலும் இந்தக் காற்று 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. அதற்குள் காற்று முழுக்க நனைந்துவிடும், உட்கார்ந்திருக்கிறவர்களின் வியர்வையும் உலராது. இங்கே ஒரு மின்விசிறியும் நல்ல கூரையும் போதும்.

உள்நாட்டுக் கதையே வேறு. மே மாத மதியம், 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். அந்தக் காற்றில் கிலோவுக்கு 3 கிராம் தண்ணீரை ஆவியாக்கினால் வெப்பம் ஏறக்குறைய 31 டிகிரிக்கு இறங்கும், ஈரப்பதம் 55 சதவீதத்தைத் தாண்டும். நூல் நூற்கும் ரிங் பிரேம் ஓடும் கூடத்துக்கு வேண்டியது கிட்டத்தட்ட அதுதான். பஞ்சு ஈரத்தை உறிஞ்சும் பொருள், ஈரம் ஏறினால் இழையின் வலு கூடும். காய்ந்துபோனால் நிலைமின்சாரம் ஏறி, தூசு பறந்து, இழை அறுந்துகொண்டே இருக்கும். நெசவுக்கு இன்னும் கூடுதலாக, 75 சதவீதத்தை ஒட்டி வேண்டும். நம் மாவட்டத்திலேயே பரமக்குடி, எமனேசுவரம் பக்கம் நெசவாளர்கள் இருக்கிறார்கள். குழித்தறியில் பாவு தரையை ஒட்டி ஓடுவதால் மண்ணின் ஈரம் நூலுக்குக் கிடைக்கும். கம்ப்ரசர் வருவதற்கு வெகுகாலம் முன்பே கண்ட ஏற்பாடு அது.

இனி கணக்கு. கூடத்தின் நீளம் 30 மீட்டர், அகலம் 20, உயரம் 5 என்றால் 3,000 கன மீட்டர். மணிக்கு இரண்டு முறை வெளிக்காற்று மாறினால் 6,000 கன மீட்டர். ஒவ்வொரு கன மீட்டருக்கும் சுமார் மூன்றரை கிராம் ஏற்ற வேண்டும் என்றால் மணிக்கு 20 லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். இது காற்றுக்கு மட்டும். மோட்டார்கள் விடும் சூட்டையும் சேர்த்தால் அளவு ஏறும். ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறக்குறைய 680 வாட்-மணி வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பதை வைத்து அதையும் போட்டுப் பார். கதவும் ஜன்னலும் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று தொழிலாளர்களைக் கேட்காமல் காற்று மாற்றத்தை முடிவு செய்யாதே. வரைபடத்தில் மூடியிருக்கும் கதவு, ஷிப்ட் மாறும்போது திறந்தே கிடக்கும்.

எனக்கு நாசிலைவிடத் தண்ணீர்மேல்தான் கவலை அதிகம். காற்றழுத்த நாசில் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து அடித்து, பத்து மைக்ரான் அளவுக்குத் துளியை நொறுக்குகிறது. துளி பறந்தபடியே ஆவியாகிவிடும். ஆனால் அதில் கரைந்திருந்தது எங்கே போகும்? கோட்டக்கரை ஆற்று முகத்தில் நிற்கும் அலையாத்தி இலையைத் தொட்டுப் பார். உப்புச் சுரப்பிகள் வழியே வெளியே வந்த நீர் காய்ந்து, மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும். உன் எந்திரங்கள்மேலும் நூல்மேலும் அப்படித்தான் படியும். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரை எட்டு மணி நேரத்தில் 160 லிட்டர் தூவினால், 160 கிராம் வெள்ளைத் தூள் கூடத்தில் மிதக்கும். அது தொழிலாளிகளின் நெஞ்சுக்குள்ளும் போகும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஈரமேற்றப் பயன்படும் தண்ணீர் பொதுக் குடிநீராகவோ நன்கு சுத்திகரிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும் என்றது. ஆனால் வேறு வழியில்லாதபோது லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரை உப்புள்ள நீரையும் குடிநீராக இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. ஆகவே அந்தச் சட்டம் சொன்னது மட்டும் போதாது. ஆர்.ஓ. போடு, புற ஊதா விளக்கும் வை. வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் வளரும், தூவலோடு சேர்ந்து நுரையீரலுக்குப் போகும். குழாயில் நீர் தேங்கும் முட்டுச்சந்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. விடுமுறைக்குப் போகும்போது தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும்.

காற்றுக்கும் இதே கவனம் வேண்டும். கம்ப்ரசர் எண்ணெயில்லாத வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நல்ல வடிகட்டியும் உலர்த்தியும் வை. நூலில் எண்ணெய்க் கறை விழுந்தால் துணியில் அந்த இடத்தில் சாயம் சரியாக ஏறாது. அழுத்தக் காற்றுக்கு மின்சாரம் நிறையச் செலவாகும் என்பதையும் முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிடு. அடைப்பு குறைவு, துளியின் அளவைக் கட்டுப்படுத்துவது எளிது என்பதற்காகத்தான் அந்தச் செலவு.

மாட்டும்போது நாசிலின் எதிரே சில மீட்டர் தூரத்துக்கு உத்தரம், கேபிள் தட்டு, விளக்கு எதுவும் குறுக்கே வரக் கூடாது. ஈரத்துளி எதிலாவது மோதினால் சொட்டாக விழும். சென்சாரைத் தூவல் படும் இடத்திலும் வாசலருகேயும் வைக்காமல், ஆள் நிற்கும் உயரத்தில், காற்று நன்றாகக் கலக்கும் இடத்தில் வை. ஓடவிடும்போது முதலில் காற்று, பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், அதன்பின் சில விநாடி காற்று மட்டும் ஓடி நாசிலை உலர்த்தட்டும். இந்த வரிசை தப்பினால் சொட்டும்.

ஈரம் நூலுக்கு நல்லது என்பதற்காக ஆளை வேகவைக்கக் கூடாது. இங்கிலாந்தின் நெசவுக் கூடங்களில் நீராவி விட்டுத் தொழிலாளிகளை வாட்டியதால் எழுந்த முறையீடுகளுக்குப் பிறகுதான் 1889-இல் அங்கே ஈரப்பதத்துக்கு வரம்பு கட்டும் சட்டம் வந்தது. உன் மில்லிலும் உலர் குமிழும் ஈரக் குமிழும் சேர்ந்த வெப்பமானி ஒன்றைச் சுவரில் மாட்டு. சென்சார் காட்டுவது சரிதானா என்று ஷிப்டுக்கு ஒருமுறை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து நோட்டில் எழுதச் சொல். வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் சென்சாரை மாற்று, கோளாறு நாசிலில் என்று அதைக் கழற்றிக்கொண்டிருக்காதே.