துணி நகரலையா? இழுக்காதீங்க!

போன மாசம் ஓடைப்பட்டியிலிருந்து அத்தை போன் பண்ணாங்க. "மெஷின்ல துணி நகர மாட்டேங்குதுப்பா. பிடிச்சு இழுத்தேன், அம்மா சேலை கிழிஞ்சிருச்சு."

அப்பத்தாவோட நூல் சேலைகளை மேலயும் கீழயும் வச்சு, நடுவுல ஒரு போர்வை விட்டு, கட்டில் அளவுக்கு விரிப்பு தைக்கிறாங்க அத்தை. அந்தச் சேலைகளுக்கு மாத்து கிடையாது. அந்த வாரக் கடைசியிலேயே பஸ் ஏறிட்டேன்.

முதல்ல இதைப் புரிஞ்சுக்கணும். சாதாரண தையல் மெஷின்ல துணியை நகர்த்துறது, ஊசிக்குக் கீழே இருக்கிற பல்லு. மேலே ஃபுட் அழுத்திப் பிடிக்கும். துணி கனமா இருந்தா, கீழ் அடுக்கு முன்னேறும், மேல் அடுக்கு பின்தங்கிச் சுருங்கும். ஊசி துணிக்குள்ள இருக்கும்போது நாம இழுத்தா ஊசி வளையும். தகட்டுல இடிச்சு உடையவும் செய்யும்.

குயில்ட் தைக்கிறதுக்குன்னே இருக்கிற லாங்ஆர்ம் மெஷின்ல இது தலைகீழ். துணி ரோலர்கள்ல விரிஞ்சு நிக்கும், மெஷின்தான் சக்கரத்துல ஓடும். அங்க இழுத்துப் பிடிச்சா, சக்கரத்துல நூல் சிக்கியிருக்கா, ரோலர் தாழ்ந்து துணி மெஷின்ல உரசுதான்னு பார்க்கணும்.

எந்த மெஷினா இருந்தாலும் வழி ஒண்ணுதான். கோடுல பக் தேடுற மாதிரி, ஒவ்வொண்ணா விலக்கிப் பாருங்க.

ஒண்ணு: துணியும் நூலும் இல்லாம சக்கரத்தைக் கையால சுத்துங்க. இறுக்கமா இருந்தா பிரச்சினை மெஷின்ல. பல்லுக்கு இடையில இருக்கிற பஞ்சை எடுத்து, எண்ணெய் விடுங்க.

ரெண்டு: சாதாரண துண்டுத் துணி தைச்சுப் பாருங்க. அதுவும் நகரலைன்னா, பல்லு தேஞ்சிருக்கா, இறங்கியிருக்கான்னு மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

மூணு: அதே மூணு அடுக்குல சின்னத் துண்டு. இங்க சிக்கினா, ஃபுட் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்க, தையலை நீளமாக்குங்க, புது 16ஆம் நம்பர் ஊசி போடுங்க.

நாலு: சின்னத் துண்டு நல்லா ஓடி, முழு விரிப்பு மட்டும் சிக்குதா? அப்போ குற்றவாளி எடை.

அத்தைக்கு நாலாவதுதான். பாதி விரிப்பு மேசையிலிருந்து தொங்கிக்கிட்டிருந்துச்சு. அத்தனை கனத்தையும் அந்தக் குட்டிப் பல்லு எப்படி இழுக்கும்? திராட்சை அடுக்குற பிளாஸ்டிக் டிரேக்களை மேசை உயரத்துக்கு இடப்பக்கமும் பின்னாடியும் அடுக்கி, விரிப்பை அது மேல பரப்பினோம். கையை லேசா வச்சாலே துணி தானா போச்சு.

கிழிஞ்ச இடத்துல அதே சேலையோட முந்தானைத் துண்டை வச்சு ஒட்டுப் போட்டாச்சு. ஆனா இந்த நாலு சோதனைக்கும் கால் மணி நேரம்கூட ஆகலை. முதல்லயே செஞ்சிருந்தா, அந்த ஒட்டே தேவைப்பட்டிருக்காது.